அந்தப் பாறையும் நானும்: கடலோர நீர்வண்ண ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு விஷயங்கள் கட்டாயம் நடக்கும். தாளில் மணல் விழும். பின்னால் யாராவது வந்து நின்று கேள்வி கேட்பார்கள். பல வருடங்களாக ஒரே கரையை, அதிலும் பெரும்பாலும் அதன் ஓரத்தில் இருக்கும் ஒரே பாறையை, நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) காய்ந்துவிடுமே என்ற அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

எப்போது பார்த்தாலும் இதே இடம்தானா? சலிக்கவில்லையா?

வேறு கரைகளுக்கும் போய்ப் பார்த்தேன். புது இடத்தில் முதல் இரண்டு நாள் அந்த இடத்தோடு அறிமுகம் ஆவதிலேயே போய்விடும். பாறை எங்கே வளைகிறது, மணல் எங்கே சரிகிறது என்று உருவத்தின் பின்னாலேயே கை ஓடும். கடைசியில் தாளில் இருப்பது நன்றாக வந்த ஒரு காட்சி, அவ்வளவுதான். அன்றைய வெளிச்சம் அதில் இருக்காது. பழகிய கரையில் அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. பாறையின் உருவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். அதனால் இன்றைக்கு அதன் மேல் என்ன விழுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881, 82-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவர் ஊரில் தங்கி வரைந்தார். ஊர் திரும்பியதும் 1883-ல் மெய்ன் மாநிலத்தின் ப்ரௌட்ஸ் நெக் என்ற பாறைமுனைக்குக் குடிபோனார். 1910-ல் இறக்கும்வரை அதுதான் வீடு. குளிர்காலங்களில் பஹாமாஸ் போன்ற வெப்பக் கடல்களுக்குப் போய் வெயில் சொட்டும் நீர்வண்ணங்கள் போட்டிருக்கிறார், அவையும் அற்புதம்தான். ஆனாலும் பாறையில் மோதும் அலையின் எடை அவருக்குப் பிடிபட்டது வாசலில் இருந்த கடலைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

அதே மெய்ன் கரைக்கு 1914-லிருந்து வரத் தொடங்கிய இன்னொருவர் ஜான் மரின். அவருடைய கடல் கோடும் கீறலுமாக, கண்ணாடித் துண்டுகளைக் கொட்டியது போல இருக்கும். ஹோமர் பார்த்த கடல்தான், ஆனால் அடையாளமே தெரியாது. ஒரு கரை இரண்டு பெரிய ஓவியர்களுக்கே தீர்ந்துபோகவில்லை. எனக்கு எங்கே தீரப் போகிறது?

கடலுக்கு எந்த நீலம் வாங்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ட்யூப் வாங்குவதற்கு முன்னால் முழங்கால் நீரில் நின்று கீழே பாருங்கள். காலடியில் நீலமே இருக்காது. மணல் தெரியும், கால்விரல் தெரியும். நேர் மேலிருந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு தன் மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மற்றது உள்ளே போய்விடுகிறது. இப்போது மெல்லத் தலையைத் தூக்குங்கள். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும். தூரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரை அல்ல, தண்ணீரில் விழுந்த வானத்தை.

ஆக, ஒரே தாளில் கீழே மணலின் நிறம், நடுவில் நீரின் நிறம், மேலே வானத்தின் நிறம். மூன்றையும் ஒரே நீலத்தால் பூசினால் துணி விரித்தது போலத்தான் இருக்கும்.

அப்படியானால் அடிவானத்தை ஒட்டிய கடல் ஏன் அங்கேயுள்ள வானத்தைவிட இருட்டாக இருக்கிறது என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. கடல் தட்டையான கண்ணாடி இல்லை. நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் அலைச் சரிவுகள், அடிவானத்து வெளிர் வானத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள அடர்நீல வானத்தைக் காட்டுகின்றன. அதனால் கடல் ஒரு படி இருண்டு தெரிகிறது. காற்றே இல்லாத காலையில் சரிவுகளும் இருக்காது. வானமும் கடலும் ஒட்டிக்கொண்டு கோடே மறைந்துவிடும். அந்த மாதிரி நாளில் பழக்கதோஷத்தில் கோடு போட்டுவிடாதீர்கள்.

உடையப்போகும் அலையின் உச்சியைக் கவனியுங்கள். அங்கே நீர் மெல்லிசாகி, பின்னாலிருந்து வரும் வெயில் ஊடுருவி, ஒரு பச்சை எரியும். இரண்டு விநாடிகூட நிற்காது. நான் இந்தக் கரையைப் பிடித்துக்கொண்டதற்கு அந்தப் பச்சையும் ஒரு காரணம். மழைக்குப் பிறகு ஆற்று நீர் கலக்கும் நாட்களில் கடல் பழுப்பாகவே இருக்கும். கூச்சப்படாமல் பழுப்பாகவே வரையுங்கள்.

சரி, ஆனாலும் என்னென்ன வண்ணங்கள் வைத்திருக்கிறீர்கள்?

ஆறு. கோபால்ட் நீலம், அல்ட்ராமரின், விரிடியன் பச்சை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அப்புறம் குவினாக்ரிடோன் வகை ரோஜா ஒன்று. கறுப்பு கிடையாது. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வெதுவெதுப்பான சாம்பலிலிருந்து புயல்மேகம் வரை எல்லாம் கிடைக்கும். ஈரமணல், பாறை, தூரத்து மழை எல்லாமே இந்த ஜோடியின் வேலை.

அல்ட்ராமரின் என்றால் 'கடலுக்கு அப்பால்' என்று பொருள். கடல் நிறம் என்பதால் வந்த பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நீலக்கல் கடல் கடந்து ஐரோப்பாவுக்கு வந்ததால் வைத்த பெயர். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த, லாபிஸ் லாசுலி என்ற விலையுயர்ந்த கல் அது. 1820-களில் பிரான்சில் கீமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் தாராளமாகக் கரைத்துக் கொட்ட முடிகிறது. கோபால்ட் நீலம் கொஞ்சம் மூத்தது. 1802-ல் தெனார் உருவாக்கியது.

இந்த இரண்டு நீலங்களுக்கும் ஒரு குணம் உண்டு. துகள்கள் தாளின் குழிகளில் போய்ப் படிந்து பொரிப்பொரியாகத் தெரியும். பூவிதழ் வரைகிறவர்களுக்கு இது தொந்தரவாக இருக்கலாம். மணலும் பனிமூட்டமும் வரைகிற எனக்குச் சும்மா கிடைத்த வரம்.

நுரைக்கு வெள்ளை வண்ணம் எது?

தாள்தான். நீர்வண்ணத்தில் மிக வெளிச்சமான வெள்ளை, நீங்கள் தொடாமல் விட்ட தாள். கடல் வரைவது என்பதே பாதிக்குப் பாதி எங்கே பிரஷ்ஷை வைக்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான். மற்ற படங்களில் முதலில் எதை வரைவது என்று யோசிப்பேன். இங்கே முதலில் எதை விடுவது என்று யோசித்துப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்கிறேன்.

வெயில் மின்னும் நீருக்கு உலர்பிரஷ் முறை. பிரஷ்ஷில் நீரை வடித்துவிட்டு, அதைப் படுக்கவைத்து, சொரசொரப்பான தாளின் மேல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும், குழிகள் வெள்ளையாக மின்னும். தயங்கினால் போச்சு. காய்ந்த பிறகு பிளேடு முனையால் சுரண்டி எடுக்கும் வெள்ளையும் உண்டு; பாறையில் தெறிக்கும் துளிகளுக்கு அது பொருந்தும். ஆங்கில ஓவியர் டர்னர் 1818-ல், விருந்தினராகத் தங்கியிருந்த வீட்டில், ஒரு போர்க்கப்பலை ஒரே காலைப்பொழுதில் நீர்வண்ணத்தில் வரைந்ததை அந்த வீட்டுப் பையன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். தாள் சொதசொதவென்று நனையும்வரை வண்ணத்தை ஊற்றி, கிழித்து, சுரண்டி, தேய்த்தார் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. சுரண்டுவதற்கென்றே கட்டைவிரல் நகத்தை வளர்த்திருந்தார். நாம் பிளேடுக்கே பயப்படுகிறோம்.

மாஸ்கிங் திரவம்? ரப்பர் பால் போன்றது. பூசி, காயவைத்து, மேலே வண்ணம் அடித்து, கடைசியில் உரித்தால் அடியில் வெள்ளை. எனக்குப் பிடிக்காது. கத்தரியால் வெட்டியது போன்ற ஓரம் வரும். நுரைக்கு அப்படி ஓரம் கிடையாது. ஒருமுறை பூசிய தாளை வெயிலில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து உரித்தபோது தாளின் தோலும் சேர்ந்து வந்துவிட்டது. பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் பழைய பிரஷ்ஷை முதலில் சோப்பில் தோய்த்துக்கொண்டு தொடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நுரை முழுக்க வெள்ளை இல்லை. வெயிலுக்கு முதுகு காட்டும் பக்கம் நீலச்சாம்பலாக இருக்கும், சில சமயம் பக்கத்து வானத்தைவிட இருட்டாகக்கூட. அந்த நிழலைப் போட்ட பிறகுதான் நுரைக்கு உருண்டை வரும். போடாவிட்டால் பஞ்சு.

அலை ஒரு இடத்தில் நிற்பதில்லையே, எப்படிப் பார்த்து வரைவது?

முதல் கால்மணி நேரம் பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை. ஓடுகிற அலையைத் துரத்தினால் எதுவும் கிடைக்காது. அலைகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆழம் குறைந்து, அலை உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆகும்போது அலை உடைகிறது. அடித்தரை அப்படியேதான் இருக்கிறது, ஓதமும் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. எனவே ஒரே அளவுள்ள அலைகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் உடையும். அந்த இடத்தில் கண்ணை நட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் சில விநாடிகளில் அடுத்தது அதே இடத்துக்கு வந்து அதே மாதிரி குனியும். சம்பளம் வாங்காத மாடல்.

முப்பது நாற்பது அலை பார்த்த பிறகு, பார்த்தவற்றின் பொதுவான வடிவம் ஒன்று மனதில் தங்கும். அதைத்தான் வரைகிறேன். தனிப்பட்ட எந்த அலையும் அது இல்லை. மேடு எழும்பும் சரிவு, உச்சியின் பச்சை, கவிழும் உதடு, அதன் கீழ் இருட்டு, உடைந்த பிறகு மணலில் விரியும் சல்லடை நுரை. இந்த ஐந்தும் சரியான வரிசையில் இருந்தால் பார்க்கிறவருக்குச் சத்தமே கேட்கும்.

ஓதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பாதியில் விட்ட படத்தை இன்று அதே மணிக்குப் போய்த் தொடர்ந்தால் பாறையின் கால் வேறு அளவில் முழுகியிருக்கும். அதே வெயில், அதே நீர்மட்டம் இரண்டும் சேர்ந்து வர ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இப்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டு முடித்த படங்கள் என்னிடம் உண்டு. நடுவில் ஒரு மேகம் வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

அடிவானக் கோடு சாய்ந்துபோகிறது, என்ன செய்வது?

தாளின் இரண்டு ஓரத்திலும் கீழிருந்து அளந்து புள்ளி வையுங்கள். ஸ்கேல் வைக்க வெட்கப்பட வேண்டாம். மரம் சாயலாம், கடல் சாய்ந்தால் வழிந்துவிடும். கோடு எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். நின்றால் அது ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மணலில் உட்கார்ந்தால் மூன்றரையைத் தாண்டாது. உட்கார்ந்து தொடங்கி, கால் மரத்துப்போய் எழுந்து நின்று முடித்த படத்தில் பாறை கோட்டை மீறியும் மீறாமலும் குழம்பியிருக்கும். ஒன்று நில்லுங்கள், இல்லை உட்காருங்கள்.

எந்தத் தாள்?

முழுக்கப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள், சொரசொரப்பு ரகம். பிரஷ்ஷில் மிச்சம் பிடியுங்கள், வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், தாளில் வேண்டாம். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வாஷ் காய வெகுநேரம் எடுக்கும். மலிவான தாள் அதற்குள் வாழைப்பட்டை போலச் சுருண்டுவிடும்.

கடல் தண்ணீரையே தொட்டு வரையலாமா? உப்புத் தூவலாமா?

கேட்கக் கவித்துவமாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் செய்தேன். கடல் நீரில் எடைக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு. தண்ணீர் போய்விடும், உப்பு தாளிலேயே தங்கிவிடும். தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் என் படம் ஒன்று சுவரில் வியர்த்தது. நல்ல தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டுபோங்கள், ஒன்று கழுவ, ஒன்று கலக்க.

ஈர வாஷ் மேல் உப்புக்கல் தூவினால் அது நீரை உறிஞ்சி நட்சத்திரம் நட்சத்திரமாக வெளிறச் செய்யும். தாளின் பளபளப்பு மங்கத் தொடங்கும் நொடியில் போட வேண்டும். முதல் தடவை அழகு. பத்தாவது படத்தில் உப்பு மட்டும்தான் தெரியும்.

வெளியில் வரைய என்ன கொண்டுபோக வேண்டும்?

கொண்டுபோகக் கூடாததை முதலில் சொல்கிறேன்: கூலிங்கிளாஸ். அது போட்டுக்கொண்டு கலக்கிய வண்ணத்தை வீட்டில் வந்து பாருங்கள், தெரியும். அதிலும் போலரைஸ்டு வகை நீரின் பிரதிபலிப்பையே வெட்டிவிடும். எதை வரைய வந்தீர்களோ அதுவே காணாமல் போகும். தொப்பி போதும். குடை பிடித்தால் சாம்பலோ வெள்ளையோ கறுப்போ. சிவப்புக் குடை முழுத் தாளையும் இளஞ்சிவப்பாக்கிவிடும்.

வெயில் நேராகத் தாளில் விழுந்தால் கண் கூசும், கூசிய கண் எல்லாவற்றையும் வெளிறப் போடும். உடம்பைத் திருப்பித் தாளுக்கு நிழல் கொடுங்கள். காற்றுக்கு நாலு கிளிப். அவ்வளவுதான், மிச்சமெல்லாம் தூக்கிச் சுமக்கும் பாரம்.

போட்டோ பார்த்து வரைந்தால் தப்பா?

தப்பில்லை. பாறையின் வடிவம், படகின் கட்டுமானம் இவற்றுக்கு நானும் பார்ப்பேன். அலைக்கு மட்டும் பார்ப்பதில்லை. கேமரா ஆயிரத்தில் ஒரு விநாடியில் பிடிக்கும். தெறித்த துளி ஒவ்வொன்றும் கண்ணாடிமணி போல நிற்கும். எந்த மனிதக் கண்ணும் அலையை அப்படிப் பார்த்ததில்லை. அதைப் பார்த்து வரைந்தால் கடல் உறைந்துவிடும். நுரையின் நிழலும் போட்டோவில் பெரும்பாலும் வெளுத்துப்போயிருக்கும்.

கெட்டுப்போனால் திருத்த முடியுமா?

கொஞ்சம். கோபால்ட், அல்ட்ராமரின் இவற்றை ஈரப் பிரஷ்ஷால் தளர்த்தி ஒற்றி எடுக்கலாம். பிரஷ்யன் நீலம், தாலோ நீலம் போன்றவை தாளில் ஊறிப்போய்விடும். அவற்றோடு சண்டை போடாதீர்கள். பாதி காய்ந்த வாஷில் கை வைக்கவே வேண்டாம், காலிஃபிளவர் போன்ற கறை பூத்துவிடும். மொத்தமும் போய்விட்டது என்றால் நல்ல தாளைத் தொட்டியில் அமுக்கிக் கழுவிவிடுவேன். கழுவிய பிறகு தங்கும் வெளிறிய சாயலின் மேல் மூடுபனிக் காலை ஒன்றை வரையலாம். என் மூடுபனிப் படங்களில் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவைதான். யாரும் கண்டுபிடித்ததில்லை.

நீர்வண்ணம் மங்கிவிடும் என்கிறார்களே?

சில மங்கும். இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் இதைச் சோதித்து 1888-ல் அறிக்கை கொடுத்தார்கள். அன்று புழக்கத்தில் இருந்த பல நிறங்கள் ஒளியில் வெளுப்பதும், காற்றும் ஈரமும் இல்லாவிட்டால் அது வெகுவாகக் குறைவதும் அதில் தெரிந்தது. கடற்கரை வீட்டில் ஒளி, காற்று, ஈரம் மூன்றுமே தாராளம். ட்யூபில் ஒளித்தாங்குதிறன் குறியைப் பார்த்து வாங்குங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் சிவப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதில் போட்ட அந்திவானம் சில வருடத்தில் மத்தியானம் ஆகிவிடும்.

அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சம்தான் வைக்கிறார்கள். வீட்டில் அது முடியாது, ஆனால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்க்கலாம். சட்டகத்தில் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

படத்தின் பின்னால் ஏதோ எழுதியிருக்கிறீர்களே, அது என்ன?

தேதி, மணி, காற்றின் திசை, ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா, பாறையின் எந்தப் பிளவு வரை தண்ணீர். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 22-ல் வரைந்த மேகப் படங்களின் பின்புறத்தில் இப்படி வானிலைக் குறிப்பு எழுதியிருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் பூதான் கடலோர வான்களை வரைந்து தேதி, நேரம், காற்று என்று குறித்துவைப்பதைப் பார்த்துக் கவிஞர் போதலேர் 1859-ல் வியந்து எழுதினார். நான் தொடங்கியது வியப்புக்காக இல்லை. ஒரே பாறையை இத்தனை தடவை வரைந்தால் எது எந்த நாள் என்றே தெரியாமல் போய்விடுகிறது.

போகப்போக வேறொன்று தெரிந்தது. பழைய தாள்களில் இறக்கத்தின்போது பாறையின் அடியில் ஒரு திட்டு மணல் இருக்கிறது. சமீபத்திய தாள்களில், அதே ஓதத்தில், அங்கே தண்ணீர் நிற்கிறது. மணல் போனது எந்த வருடம் என்று நேரில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நினைவில்லை. தாள்களை அடுக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

படத்தை விற்கும்போது வருத்தமாக இருக்காதா?

படத்துக்காக இல்லை. பின்னால் எழுதியதை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் கொடுப்பேன். வாங்க வந்தவர் காத்திருக்க வேண்டும்.